பசங்களைத் திருத்தும் திட்டம் வேலை செய்ததா, எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் பக்கத்தில், அதாவது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாகக் கிடக்கும் இடத்தில், பள்ளிப் பையன் ஒருவன் கஞ்சா பொட்டலத்தோடு மாட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு விழிப்புணர்வு வகுப்பு, ஒரு உறுதிமொழி, ஒரு பேரணி, கொஞ்ச நாள் கழித்து இத்தனை பள்ளிகளில் இத்தனை ஆயிரம் மாணவர்கள் பங்கேற்றார்கள் என்று பேப்பரில் ஒரு செய்தி. இதைச் செய்கிறவர்கள் மனதார உழைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வகுப்பு நடந்ததால் எந்தப் பையனாவது கஞ்சாவைத் தொடாமல் இருந்தானா என்பது மட்டும் அந்தச் செய்தியில் வருவதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலைக்குத்தான் சமூக ஆய்வில் திட்ட மதிப்பீடு என்று பெயர். கேட்க எளிதாக இருக்கும், செய்யப் போனால் கஷ்டம். காரணம் ஒன்றுதான்: வகுப்பில் உட்கார்ந்த அதே பையன், உட்காராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நாம் பார்க்கவே முடியாது. ஒருவனை இரண்டு விதமாக வளர்த்துப் பார்க்க வழியில்லை. அதனால் அவனைப் போலவே இருக்கிற, ஆனால் அந்தத் திட்டத்துக்குள் வராத இன்னொரு கூட்டத்தைத் தேடி, இரண்டையும் வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். இந்த ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "திட்டத்துக்கு முன்னால் பத்து வழக்கு, பின்னால் ஐந்து வழக்கு" என்று சொன்னால் அதற்குப் பெரிதாக அர்த்தம் கிடையாது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மருந்து வாங்க ஓடுகிறோம், மறுநாள் கொஞ்சம் இறங்கினால் மருந்துதான் இறக்கியது என்று நினைக்கிறோம், அது தானாகவே இறங்கும் நாளாகவும் இருந்திருக்கலாம். ஊரில் வழக்குகள் திடீரென்று கூடிய மாதத்தில்தான் திட்டம் தொடங்குகிறார்கள், அடுத்த மாதம் எண்ணிக்கை எப்படியும் கொஞ்சம் இறங்கும்.

வயது என்று இன்னொன்றும் இருக்கிறது. குற்றச் செயல்கள் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதின் தொடக்கத்திலோ உச்சத்துக்குப் போய் அப்புறம் படிப்படியாகக் குறைகின்றன. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. பதினேழு வயதில் அடிதடிக்குப் போன பையன், இருபத்துமூன்றில் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடித்து அமைதியாகிவிடுகிறான். இடையில் அவனுக்கு எந்தத் திட்டம் கிடைத்திருந்தாலும் அந்தத் திட்டம் "வென்றது" போலத்தான் தெரியும்.

நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் கெடுதலில் முடியுமா? முடியும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் நடந்த ஆய்வு இதற்குச் சாட்சி. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் 1930-களில் திட்டமிட்டு, 1939-ல் முழுவீச்சில் தொடங்கியது. 506 சிறுவர்களை வயது, குடும்பம், குணம், வீட்டுச் சூழல் எல்லாம் பார்த்து ஜோடி ஜோடியாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் யாருக்கு உதவி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். உதவி கிடைத்த 253 பேரின் வீட்டுக்கு ஆலோசகர் மாதம் இரண்டு முறை போனார். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கோடைக்கால முகாமுக்கு அனுப்பினார்கள். சராசரியாக ஐந்து வருடத்துக்கும் மேல் இது நடந்தது. இன்றைக்கு நம் மாவட்டத்தில் எந்தத் தொண்டு நிறுவனமாவது இவ்வளவு செய்தால் நாம் கையெடுத்துக் கும்பிடுவோம்.

ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது வருடம் கழித்து, 1970-களின் நடுவில், அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். அவர்கள் அப்போது நடுத்தர வயதுக்காரர்கள். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள், பலர் ஆலோசகரின் பெயரைக்கூட நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் நீதிமன்ற, மருத்துவமனை, இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினால் கதை வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், கடுமையான மனநோய்க்கு ஆளானவர்கள், சீக்கிரம் இறந்தவர்கள் எல்லாம் உதவி பெற்ற கூட்டத்தில்தான் அதிகம். 1978-ல் மெக்கார்ட் இதை வெளியிட்டார். பிற்பாடு இன்னும் ஆழமாகப் பார்த்தபோது, கோடைக்கால முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களிடம்தான் கெடுதல் கூடுதலாக இருந்தது. தடுமாறும் வயதுப் பையன்களை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் சேர்த்துவைத்தால், அவர்கள் ஆலோசகரிடம் கற்பதைவிட ஒருவரிடம் ஒருவர் கற்பது அதிகமாகிவிடும் என்ற விளக்கத்தைப் பல ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். நம் ஊரில் "பிரச்சினைக்குரிய பசங்க" என்று பட்டியல் போட்டு, எல்லோரையும் ஒரே மண்டபத்தில் கூட்டி மூன்று நாள் முகாம் நடத்தலாம் என்று யாராவது யோசனை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 253 பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நான் இந்த ஆய்வை முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், அந்த மூன்றில் இரண்டு பங்கு. பயனாளியே நன்றாக இருந்தது என்று சொல்கிறார், அவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் அது விடை ஆகாது. தன் வாழ்க்கை வேறு மாதிரி போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியாதே.

அடுத்தது "ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்". இதற்கு நம் ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் "பயம் காட்டித் திருத்துவது". நியூ ஜெர்சியில் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் சிலர் 1970-களில் ஒரு காரியம் தொடங்கினார்கள். தப்புத் தண்டா செய்யும் சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிவந்து, உள்ளே என்ன நடக்கும் என்று மிரட்டி, கத்தி, அழ வைத்து அனுப்புவது. 1978-ல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது, ஆஸ்கரும் வாங்கியது, நாடு முழுக்க எல்லோரும் அதையே செய்யத் தொடங்கினார்கள். படத்தில் இருந்தது 17 சிறுவர்கள். ஒப்பிட ஆளில்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிங்கனாவர் ஒப்பீடு செய்து பார்த்தார். சிறைக்குள் போய்வந்த 46 பேர், போகாத 35 பேர். ஆறு மாதத்தில் போய்வந்தவர்களில் 41 சதவீதம் பேர் மறுபடி குற்றத்தில் சிக்கினார்கள், போகாதவர்களில் 11 சதவீதம்தான். சிறிய ஆய்வு, யார் எந்தக் குழுவில் என்று பிரித்ததிலும் குறைகள் இருந்தன, எனவே இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் பின்னால் ஆந்தனி பெட்ரோசினோ என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 1967 முதல் 1992 வரை நடந்த, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒன்பது ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் சிறுவர்கள். முடிவு அதே திசையில்தான்: சும்மா விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒரு அப்பா எழுந்து, "சார், ஒரு நாள் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வையுங்க, பயம் வந்தா தன்னால திருந்திடுவான்" என்று சொல்லாத வருடம் இல்லை. அந்த அப்பாவின் தவிப்பு நியாயமானது. கள்ளுத் தோப்பிலோ முதலமடை மாந்தோப்பிலோ விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டின பிறகு வருகிற மனிதருக்கு, மகன் எங்கே போகிறான் என்று பார்க்க நேரம் கிடையாது, யாராவது ஒருவர் அவனைப் பிடித்து நிறுத்தமாட்டார்களா என்ற ஏக்கம். ஆனால் அவர் கேட்கும் வழி சோதித்துப் பார்க்கப்பட்டு, கெடுதல் என்று தெரிந்த வழி.

போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதையின் கேடுகளைச் சொல்வது? அதுவும் சோதிக்கப்பட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1983-ல் "டேர்" என்ற பாடத்திட்டத்தைத் தொடங்கி, அது அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குப் பரவியது. சீருடை, டி-ஷர்ட், உறுதிமொழி எல்லாம் உண்டு. ஆய்வுகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னது, போதைப் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எதுவும் இல்லை என்பதைத்தான். கெடுதலும் பெரிதாக இல்லை, நல்லதும் இல்லை, பணமும் நேரமும் போனது. கடைசியில் அந்த அமைப்பே தன் பழைய பாடத்தைக் கைவிட்டு வேறு பாடத்துக்கு மாறியது.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். குற்றம் குறைந்ததா கூடியதா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் போலீஸ் வழக்கு எண்ணிக்கையை வைத்து. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் சிறார் மீது பதிவான வழக்குகள் நாடு முழுக்க 2021-ல் 31,170, 2022-ல் 30,555. இரண்டு சதவீதம் குறைந்திருக்கிறது என்று செய்தி போடலாம். ஆனால் ஒரு வழக்கு பதிவாக வேண்டுமென்றால் முதலில் யாராவது புகார் தர வேண்டும், போலீஸ் பதிய வேண்டும், பையனின் வயது பதினெட்டுக்குக் கீழ் என்று எழுத வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்தது, பள்ளியே டிசி கொடுத்து அனுப்பியது, எஸ்ஐ இரண்டு அறை விட்டு அப்பாவிடம் ஒப்படைத்தது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

போதை வழக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2024-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கேரளத்தில் 27,000-க்கும் மேல் வழக்குகள், பஞ்சாபில் 9,000 சொச்சம். இதைப் பார்த்துக் கேரளத்தில் பஞ்சாபைவிட மூன்று மடங்கு போதை என்று சொன்னால் பெரிய தவறு. கேரளத்தில் போலீஸும் எக்சைஸும் (கலால் துறை) சின்ன அளவில் வைத்திருப்பவரையும் பிடித்து வழக்குப் போடுகிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் "ஆபரேஷன் டி-ஹண்ட்" என்று கேரள போலீஸ் தேடுதல் வேட்டை தொடங்கியதும் கைதுகள் குவிந்தன. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் கிடைக்காது, அவ்வளவுதான். ஆகவே திட்டம் தொடங்கிய வருடமே சோதனையும் கூடினால், வழக்கு எண்ணிக்கை உயர்ந்து திட்டம் தோற்றது போலத் தெரியும், சோதனை தளர்ந்தால் திட்டம் ஜெயித்தது போலத் தெரியும்.

அப்படியானால் பையன்களிடமே கேட்கலாமே? கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், விழிப்புணர்வு வகுப்பு முடிந்ததும் தாள் கொடுத்து நிரப்பச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தமிழ் மீடியம் வகுப்பு, தாள் மலையாளத்தில். ஆசிரியர் முன்னால் நின்று ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்கிறார். தாளின் மேலே பெயர், வகுப்பு, ரோல் நம்பர். நான்காவது கேள்வி, நீங்கள் எப்போதாவது புகையிலையோ போதைப்பொருளோ பயன்படுத்தியதுண்டா? ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவன் எழுதுவது மற்ற இருவருக்கும் தெரியும். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மெதுவாக என்னைப் பார்த்து, "அண்ணா, இதை யாருகிட்ட கொடுப்பாங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் ஆசிரியர், "எல்லாரும் இல்லைன்னு டிக் போட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அடுத்த பீரியடுக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தாள்களைக் கூட்டி ஒரு சதவீதம் வந்திருக்கும், அது ஏதோ ஒரு அறிக்கையிலும் ஏறியிருக்கும்.

இதை ஒழுங்காகச் செய்யத் தனி மாயமெல்லாம் தேவையில்லை. பெயர் எழுதாத தாள், அதற்குப் பதில் மூடிய பட்டியலில் இருக்கும் குறியீட்டு எண், ஆசிரியர் வெளியே, பெஞ்சுக்கு ஒருவர், பிள்ளை படிக்கும் மொழியில் கேள்வி, முடித்ததும் அவனே உறையில் போட்டு ஒட்டும் வசதி. வட இந்தியாவில் ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்து, ஆண் பெண் சமத்துவம் பற்றிய பள்ளிப் பாடம் பிள்ளைகளின் மனப்பான்மையை மாற்றுகிறதா என்று பொருளாதார ஆய்வாளர்கள் சில வருடம் முன்பு சோதித்தார்கள். எந்தப் பள்ளிக்குப் பாடம், எதற்கு இல்லை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். எனக்குப் பிடித்தது, பிள்ளைகள் கேட்பவரைத் திருப்திப்படுத்தப் பதில் சொல்கிறார்களா என்பதை அளக்கவும் அவர்கள் தனியாகக் கேள்விகள் வைத்திருந்தது. "நான் யாரிடமும் கோபப்பட்டதே இல்லை" என்கிற மாதிரி யாராலும் உண்மையாகச் சொல்ல முடியாத வாக்கியங்களுக்கு ஒரு பிள்ளை எத்தனை ஆமாம் போடுகிறது என்று பார்த்தால், அதன் மற்ற பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்காது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

எல்லையோரத்துக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கோயம்புத்தூர் போகும் பெரிய சாலையில் இருக்கும் வாளையார் செக்போஸ்ட்டில் சோதனை இறுகினால் கஞ்சாச் சரக்கு வேலந்தாவளம் வழியாகவோ நடுப்புணி வழியாகவோ, அதுவும் முடியாவிட்டால் தோப்புக்கு நடுவே போகும் வண்டிப்பாதை வழியாகவோ வரும். மாநில எல்லை என்பது மேப்பில்தான் ஒரு கோடு, நிலத்தில் தென்னந்தோப்பு. அதனால் வாளையாரில் பிடிபடுவது குறைந்தால் கடத்தல் குறைந்ததா, வழி மாறியதா என்று அந்த ஒரு இடத்தின் கணக்கை வைத்துச் சொல்லவே முடியாது. இதில் பையன்களுக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் பைக்கில் பொட்டலம் கொண்டுபோக யாரும் அதிகம் சந்தேகப்படாத சின்ன வயதுக்காரர்களைத்தான் தேடுகிறார்கள்.

ராஜஸ்தானில் செய்த ஒரு ஆய்வு இங்கே அப்படியே பொருந்துகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க இரவுச் சோதனை போட்டார்கள். சில காவல் நிலையங்களில் எப்போதும் ஒரே இடத்தில், சிலவற்றில் இடம் மாற்றி மாற்றி, சிலவற்றில் சோதனையே இல்லை, எது எங்கே என்பது குலுக்கலில். பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, டேனியல் கெனிஸ்டன், அப்போது ராஜஸ்தான் போலீஸில் இருந்த நீனா சிங் ஆகியோர் சேர்ந்து செய்தது. இடம் மாறிய சோதனையால் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு விபத்துச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்துச் சோதனையால் பலன் தெரியவில்லை, ஓட்டுநர்கள் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். எங்கள் செக்போஸ்ட் எல்லாம் வருடக்கணக்காக ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

இன்னொன்று, பதிவேடு. பாலக்காட்டுப் பையன் பொள்ளாச்சியில் மாட்டினால் வழக்கு தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். இங்கே ஒரு திட்டத்தில் சேர்ந்த பையனைப் பின்தொடரும் ஆய்வாளர் கேரள ஆவணத்தை மட்டும் பார்த்தால், அவன் திருந்திவிட்டான் என்று எழுதிவிடுவார். கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த பஸ் ஸ்டாண்டு மாதிரி, கல்லூரியும் வேலையும் சினிமாவும் அங்கேதான். இரண்டு மாநிலமும் சேர்ந்து கொடுக்காத எந்தக் கணக்கும் இந்தத் தாலுக்காவைப் பொறுத்தவரை பாதிக் கணக்கு.

இவ்வளவையும் படித்துவிட்டு, எதுவுமே பலன் தராது போல என்று யாராவது கைவிட்டுவிடக் கூடாது. அந்தத் தவறும் நடந்திருக்கிறது. ராபர்ட் மார்ட்டின்சன் என்ற சமூகவியலாளர் 1974-ல் 231 ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையை, கைதிகளைத் திருத்த எதுவும் உதவாது என்று பலரும் படித்தார்கள், கடும் தண்டனை கேட்டவர்களுக்கு அது வசதியாகிவிட்டது. 1979-ல் அவரே தன் முடிவு தவறு, சில திட்டங்கள் பலன் தருகின்றன என்று எழுதினார். அதை யாரும் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

பலன் தந்தவை உண்டு. சிகாகோவில் "பிகமிங் எ மேன்" என்று ஒரு திட்டம், வன்முறை அதிகமுள்ள பகுதிப் பள்ளி மாணவர்களுக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பயிற்சியாளர். முதல் விளையாட்டு இப்படி: இருவரை ஜோடியாக நிறுத்தி ஒருவன் கையில் பந்து கொடுத்து, முப்பது நொடியில் அதை வாங்கிவிடு என்று மற்றவனிடம் சொல்வார்கள். உடனே முறுக்குவார்கள், தள்ளுவார்கள், கட்டிப்புரளுவார்கள். முடிந்ததும் பயிற்சியாளர் கேட்பார், பந்தைக் கொடு என்று ஏன் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை? கேட்டால் தன்னைக் கோழை என்று நினைப்பான் என்பது ஒருவன் பதில். நீ கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனே, ஒரு பந்துதானே என்பது மற்றவன் பதில். கை நீளுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்று யோசிப்பதைப் பழக்குவதுதான் முழுப் பாடமும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் குலுக்கலில் பிரித்துப் பார்த்த முதல் ஆய்வில், திட்டம் நடந்த வருடத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் கிட்டத்தட்டப் பாதியாகின. அந்த வருடம் தாண்டி அதே அளவு நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கூடினார்கள். லைபீரியாவில் மன்ரோவியா நகரத்தில் 999 இளைஞர்களை வைத்து இதே வகைப் பயிற்சியை எட்டு வாரம் கொடுத்து, கூடவே 200 டாலர் பணமும் கொடுத்தவர்களிடம் பத்து வருடம் கழித்தும் திருட்டும் சண்டையும் பாதிதான் இருந்தன. பயிற்சி மட்டும் கொடுத்தாலோ பணம் மட்டும் கொடுத்தாலோ அந்த அளவு நிற்கவில்லை.

மிகச் சின்ன வயதில் தொடங்கினால்? மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் 123 பேர். நாற்பது வயதாகும்போது ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் பாலர் பள்ளிக்குப் போன கூட்டத்தில் 36 சதவீதம், போகாத கூட்டத்தில் 55 சதவீதம். நம் அங்கன்வாடி டீச்சரைக் குற்றத் தடுப்பில் ஒரு ஆளாக யாரும் நினைப்பதில்லை, நினைக்க வேண்டும்.

இப்போது எங்கள் ஊருக்கே வருகிறேன். கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2-ம் தேதி 127 பள்ளிகளில், 11,176 மாணவர்களோடு தொடங்கிய, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலீஸ் பாணியில் பயிற்சி கொடுக்கும் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் (எஸ்.பி.சி.) திட்டம், 2018-ல் தேசிய அளவுக்குப் போனது. தமிழ்நாட்டிலும் 2022-ல் சென்னைப் பள்ளிகளில் "சிற்பி" என்று இதே சாயலில் ஒன்று தொடங்கினார்கள். எஸ்.பி.சி. பிள்ளைகள் காக்கி உடையில் பரேடு நடந்து போவதைப் பார்த்தால் மனசு நிறையும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கேடட்டுகள் ஒழுக்கமாக இருக்கிறார்கள், மற்றவர்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள், ஆகவே திட்டம் பலன் தருகிறது என்று சொல்லும்போது நின்று யோசிக்க வேண்டும். ஒரு பேட்சுக்கு 44 பேர், 22 பையன்கள், 22 பெண்கள். எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு எல்லாம் வைத்துத்தான் எடுக்கிறார்கள். சேரும் முன்பே படிப்பிலும் ஆர்வத்திலும் முன்னால் இருந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின்னாலும் முன்னால் இருக்கிறார்கள் என்றால் அதில் பாதி தேர்வின் வேலை. மாட்டக்கூடிய பையன், அந்தக் கடைசி பெஞ்சுக்காரன், விண்ணப்பமே போட்டிருக்கமாட்டான்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாமல். 44 இடத்துக்கு அதைவிட அதிகமான பிள்ளைகள் விண்ணப்பிக்கும் பள்ளிகளில், குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்றை வைத்து, அதைத் தாண்டிய எல்லோர் பெயரையும் எழுதிப் பெற்றோர் முன்னிலையில் குலுக்கலில் எடுக்கலாம். இடம் கிடைக்காத பிள்ளைக்கு அநியாயம் இல்லையா என்று கேட்பார்கள். எப்படியும் 44 பேருக்குத்தான் இடம். மார்க் வைத்து விலக்குவதைவிடக் குலுக்கல் எந்த வகையிலும் அநியாயம் இல்லை, பின்தங்கிய பிள்ளைக்கு இதில்தான் உண்மையான வாய்ப்பு. அப்படி எடுத்தால் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் சராசரியில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், பின்னால் வரும் வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் தைரியமாக எழுதலாம். ஒரு பள்ளியை மட்டும் வைத்துச் செய்தால் பயன் இல்லை, 44 பேரில் மூன்று பேர் ஐந்து பேர் என்று வரும் வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம், மாவட்டம் முழுக்கச் சேர்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். பள்ளி வருகை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பெயர் எழுதாத உறைத் தாளில் பிள்ளைகளே சொல்வது என மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போலீஸ் பதிவேட்டைப் பார்க்கலாமா என்றால் அங்கே கவனமாக இருக்க வேண்டும். 2015-ன் சிறார் நீதிச் சட்டம் 74-ம் பிரிவில் சிறாரின் அடையாளத்தை வெளியிடத் தடை போட்டிருக்கிறது. 24-ம் பிரிவு, பழைய வழக்கால் பிள்ளைக்குத் தகுதியிழப்பு வரக் கூடாது என்றும், மேல்முறையீட்டுக் காலம் முடிந்து பதிவேடுகளை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது, பதினாறு வயதைத் தாண்டியவர் செய்த கொடுங்குற்றம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஆய்வாளருக்கு இது தொல்லை, பிள்ளைக்கு இது உயிர். அந்தச் சட்டத்தை ஆய்வுக்காக யாரும் தளர்த்தக் கேட்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பதில், எந்தப் பையன் என்று தெரியாமல், குலுக்கலில் இடம் கிடைத்த கூட்டத்தில் எத்தனை பேர், கிடைக்காத கூட்டத்தில் எத்தனை பேர் என்று மொத்த எண்ணிக்கையை மட்டும் பாலக்காடு, கோயம்புத்தூர் இரண்டு மாவட்டங்களிலும் சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதி வாரியங்கள் வருடா வருடம் எண்ணித் தந்தால் போதும். பட்டியல் வாரியத்திடமே இருக்கும், ஆய்வாளர் கைக்கு இரண்டு எண் வரும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், பிள்ளையிடமும் தனியாகக் கேட்ட சம்மதம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, எல்லாமே மலையாளத்திலும் தமிழிலும்.

குலுக்கலுக்கு ஒரு மத்தியான வேளை போதும். பணம் தேவைப்படுவது பின்தொடர்வுக்கு, அதுவும் ஆறு வருடம் ஏழு வருடம் என்று நீளும், எட்டாம் வகுப்பில் சேர்ந்தவன் இருபது வயதைத் தொடும்வரை. பேரணிக்கும் பேனருக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்து, இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் சமூகப்பணி படிக்கும், தமிழும் மலையாளமும் தெரிந்த பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தால் அவர்களே வீடு வீடாகப் போய்ச் செய்துவிடுவார்கள். அடுத்த ஜூனில் பள்ளி திறந்து எஸ்.பி.சி. விண்ணப்பம் வாங்கும்போது, ஒரே ஒரு தாலுக்காவிலாவது இதைத் தொடங்கச் சொல்லி பி.டி.ஏ. கூட்டத்தில் கேட்கலாம், கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்டத்துக்கு அனுப்பலாம்.